ஒலியில்லாத தாய்லாந்து மறுபிறவிக் காதல் படம்: ஒரு 16 மி.மீ. ரீலை அடையாளம் காண்பது எப்படி?

சுருள்பெட்டி:
ஒரே ஒரு 16 மி.மீ. ரீல். 1600 அடித் தட்டில் சுமார் 1400 அடி சுற்றியிருக்கிறது. தலைப்பு இல்லை, ஒலித்தடம் இல்லை, இரண்டு ஓரத்திலும் துளை. நிறம் மட்டும் நேற்று எடுத்த மாதிரி இருக்கிறது. தொடக்கத்தில் பழங்கால உடையில் ஒரு ஜோடி, ஆற்றங்கரைக் கோயிலில் ஊதுவத்தி கொளுத்தி ஏதோ வேண்டிக்கொள்கிறார்கள், பெண் இறந்துபோகிறாள். அப்புறம் அதே இரண்டு முகங்கள், ஆனால் கால்சட்டை, கார், கறுப்புக் கண்ணாடி. நடுவில் ஓர் அட்டையில் தாய் எண்கள்: 2507. ஒலி அழிந்துவிட்டதா? படத்தின் பெயரைக் கண்டுபிடித்துத் தமிழ் வசனவரி போட வழி உண்டா?

நிழலாட்டம்:
அழியவில்லை. அந்த ரீலில் ஒலி இருந்ததே கிடையாது.

2507 என்பது புத்த ஆண்டு. 543 கழித்தால் 1964. தாய்லாந்தில் அது 16 மி.மீ. காலம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு 35 மி.மீ. பிலிம் கிடைப்பது அரிது, விலையும் கட்டுப்படியாகாது. 1949இல் 'சுபாப் புருத் சுவா தாய்' என்ற படத்தை 16 மி.மீ. வண்ணத்தில் எடுத்தார்கள், வசூல் அள்ளியது. அதிலிருந்து 1970 வரை பெரும்பாலான படங்கள் அதே பாதையில்தான் போயின. படப்பிடிப்பு முழுக்க ஊமை. கொட்டகையில் 'நக் ஃபாக்' என்ற குரல்காரர் மைக் முன்னால் உட்கார்ந்து, படம் ஓட ஓடக் கதாநாயகன், கதாநாயகி, வில்லன் எல்லாருக்கும் பேசுவார். சில இடங்களில் ஆணும் பெண்ணுமாக இருவர். பாட்டுக்கும் பின்னணிக்கும் இசைத்தட்டு.

ஆகவே 'அசல் ஒலி' என்று ஒன்றைத் தேடாதீர்கள். அந்தக் கால நட்சத்திரம் மித்ர் சைபஞ்சா 260க்கு மேற்பட்ட படங்களில் நடித்தவர். அவருக்கு ஊருக்கு ஒரு குரல் இருந்தது. பிற்காலத்தில் டிவிக்கும் வீடியோவுக்கும் குரல் சேர்த்த பிரதிகள் கிடைத்தாலும், அது இன்னொரு பேச்சாளரின் இன்னொரு வடிவம், அவ்வளவுதான்.

துளைக்கணக்கு:
பெயர் தேடுவது அப்புறம். கையில் இருப்பது மூலமா, பிரதியா என்று முதலில் பாருங்கள். புரொஜெக்டரில் மாட்டிவிடாதீர்கள். பருத்திக் கையுறை, மேசை, இரண்டு ரீவைண்டர், பின்னாலிருந்து வெளிச்சம், ஒரு பூதக்கண்ணாடி போதும்.

1. அந்த 2507 அட்டை வரும் இடத்தை வெளிச்சத்தில் பிடியுங்கள். எண் நேராகத் தெரியும்போது பளபளப்பான பக்கம் உங்களைப் பார்த்தால் அது கேமராவில் ஓடிய மூலம். மங்கலான, மருந்து பூசிய பக்கம் உங்களைப் பார்த்தால் மூலத்தோடு ஒட்டவைத்து எடுத்த பிரதி.

2. காட்சி மாறும் ஒவ்வோர் இடத்திலும் உண்மையான ஒட்டு இருக்கிறதா? விரல் நுனியில் மேடு தட்டுப்படும். ஒவ்வொரு வெட்டிலும் ஒட்டு இருந்தால் மூலம். அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தால் பிரதி, அந்த ஒட்டுகள் அறுந்து தைத்தவை.

3. சுருக்கம். 100 துளைகளின் நீளம் 762 மி.மீ. இருக்க வேண்டும். ஒரு துளையின் மேல் விளிம்பிலிருந்து நூறு தள்ளி அடுத்ததன் மேல் விளிம்பு வரை அளக்க வேண்டும். 756க்குக் கீழே போனால் 0.8 சதவீதம் தாண்டியாயிற்று, எச்சரிக்கை. 754 என்றால் ஒரு சதவீதம், பல்சக்கரம் துளையைக் கிழிக்கும். ரீலின் தலை, நடு, வால் என்று மூன்று இடத்தில் அளங்கள். வெளிச்சுற்றுதான் முதலில் சுருங்கும்.

4. மூக்கு. புளித்த காடி வாசம் வந்தால் பிலிமின் அசிடேட் பிளாஸ்டிக் அடித்தளம் சிதைய ஆரம்பித்துவிட்டது.

ஓரத்தில் கோடாக்கின் வட்டம், சதுரம், முக்கோணக் குறிகள் தெரிந்தால் குறித்துவையுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பி ஆண்டு சொல்லாதீர்கள். அந்தக் குறிகள் 20 ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப வருபவை. பிரதி எடுக்கும்போது மூலத்தின் குறியும் கூடவே பதிந்துவிடும். இரண்டு ஆண்டுகள் ஒரே ஓரத்தில் நின்று குழப்பும்.

சுருள்பெட்டி:
பளபளப்பான பக்கத்திலிருந்து எண் நேராகத் தெரிகிறது. வெட்டுக்கு வெட்டு ஒட்டு. 100 துளை 757 மி.மீ. வாசம் இல்லை.

துளைக்கணக்கு:
அப்படியானால் மூலமே. சுருக்கம் 0.66 சதவீதம், வயதுக்கு நல்ல நிலை. நிறம் நிற்கிறது என்றதால் கோடாக்ரோமாக இருக்க வாய்ப்பு அதிகம். மங்கலான பக்கத்தைச் சாய்த்து, வெளிச்சம் வழுக்கிப் போகும்படி பாருங்கள். உருவம் செதுக்கினாற்போல மேடு பள்ளமாகத் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். இருட்டில் வைத்த கோடாக்ரோம் அரை நூற்றாண்டு தாண்டியும் நிற்கும். அதே காலத்து ஈஸ்ட்மன்கலர் பிரதிகளாக இருந்தால் இந்நேரம் ரோஸ் நிறத்தைத் தவிர ஒன்றும் மிஞ்சாது.

நிழலாட்டம்:
இதில் ஒரு துக்கமும் இருக்கிறது. கோடாக்ரோம் போன்ற ரிவர்சல் பிலிமில் நெகட்டிவ் கிடையாது. கேமராவுக்குள் போன அதே சுருள்தான் கழுவினதும் பாசிட்டிவாக வெளியே வரும். பிரதிக்குச் செலவழிக்க மனமில்லாமல் மூலத்தையே கொட்டகையில் ஓட்டித் தேய்த்ததும் உண்டு. 1954ஆம் ஆண்டின் 'சந்தி வீணா' தொலைந்துபோனதாகவே கருதப்பட்டது. 2014இல் அதன் மூல நெகட்டிவ் பிரிட்டனின் பிஎஃப்ஐ காப்பகத்திலும், பிரதிகள் ரஷ்ய, சீனக் காப்பகங்களிலும் கிடைத்தன. இத்தாலியின் போலோஞாவில் சீரமைத்து 2016இல் கான் விழாவில் காட்டினார்கள். அது 35 மி.மீ. நெகட்டிவில் ஒலியோடு எடுத்த படம் என்பதால் வாய்த்த அதிர்ஷ்டம். உங்கள் ரீலுக்கு வெளிநாட்டு லேபில் தூங்கும் நெகட்டிவ் இருக்காது. இதுவே முதலும் கடைசியும் என்று நினைத்துக் கையாளுங்கள்.

வாக்கியக்காரன்:
சொல்லாராய்ச்சிக்கு மன்னிக்கவும். 'ஃபாக்' என்பது நம் 'வாக்கியம்' தான், வடமொழி வாக்யத்திலிருந்து போனது. கோன் முகமூடிக் கூத்தில் பின்னாலிருந்து பாட்டும் வசனமும் சொல்பவருக்கு அந்தப் பெயர் முன்பே இருந்தது. சினிமா வந்ததும் வேலை மாறியது, பெயர் மாறவில்லை. முகமூடிக்குள் இருப்பவன் பேசமாட்டான், வேறொருவன் பேசுவான் என்பது அந்த ரசிகர்களுக்குப் பழகிய விஷயம். ஊமைப் படம் இருபது வருஷம் செல்லுபடியானதற்குப் பணத்தோடு இந்தப் பழக்கமும் ஒரு காரணம் என்பேன்.

பெயர் தேடுவதற்கு வருகிறேன். மறுபிறவிக் கதைகளின் தலைப்புகளில் திரும்பத் திரும்ப வரும் சொற்கள் சில: சாத் (பிறவி), ஃபொப் (பவம்), கம் (கர்மம்), வேன் (பாலியின் வேரம், பகை), சாப் (சாபம்), அதித்தான் (அதிட்டானம், சங்கல்பம்), நுவா கூ (விதித்த துணை). எல்லாவற்றுக்கும் மேல் 'புப்பே சன்னிவாத்'. சாகேத ஜாதகத்துப் பாலிச் செய்யுளில் உள்ள தொடர் அது: முன்பு சேர்ந்து வாழ்ந்ததாலோ இப்போது செய்யும் நன்மையாலோ, நீரில் தாமரை தோன்றுவதுபோல அன்பு பிறக்கிறது. தாய் மொழியில் கல்யாண வாழ்த்திலிருந்து கேலிப்பேச்சு வரை புழங்கும் சொல். நம் 'விட்டகுறை தொட்டகுறை'யின் இடத்தில் வைத்துப் பாருங்கள்.

இயந்திர மொழிபெயர்ப்பை நம்பித் தேடினால் ஒரு பள்ளம் உண்டு. 'சாத்' என்றால் பிறவியும் தான், தேசமும் தான். 'சாத் நா', அதாவது அடுத்த பிறவி, 'அடுத்த நாடு' என்று வந்து நிற்கும்.

நயினாதீவான்:
கோயிலில் வேண்டுதல் காட்சி எண்டு சொன்னதைக் கவனிக்க வேணும். தாய் மறுபிறவிக் கதைகளில அந்தச் சங்கல்பம்தான் அச்சாணி. அதுக்கு மூலம் ப்ரா ரொத் – மேரி கதை. பன்னிரண்டு சகோதரிகளின் கண்களைப் பிடுங்கின அரக்கி, அவர்களின் மகன் ரொத்தசேனை ஒரு கடிதத்தோட தன் வளர்ப்பு மகள் மேரியிட்ட அனுப்புவாள். 'வந்த உடன சாப்பிட்டுவிடு' எண்டு கடிதம். வழியில ஒரு முனிவர் அதை 'வந்த உடன கலியாணம் செய்' எண்டு மாத்திவிடுவார். கடைசியில அவன் மேரிக்கு மது குடுத்து உறங்கவைச்சு, கண்களையும் மருந்தையும் எடுத்துக்கொண்டு ஓடுவான். துரத்தி வந்தவள் துயரத்தில சாகும்போது சொல்லுவது: இந்தப் பிறவியில நான் உன் பின்னால வந்தேன், அடுத்த பிறவியில நீ என் பின்னால வா. அடுத்த பிறவிதான் சுதன் – மனோரா. கின்னரி பறந்துபோக, ஏழு வருஷம், ஏழு மாசம், ஏழு நாள் அவன் தேடி அலைகிறான். இரண்டும் பஞ்ஞாச ஜாதகத்தில உள்ளவை.

அதனால ரீலின்ர இரண்டாம் பாதியில ஆர் ஆரைத் துரத்துகினம் எண்டு பாருங்கோ. முன்பிறவியில பெண் ஏங்கினால் இப்பிறவியில ஆண் அலைவான். அந்தத் திருப்பம் இருந்தால் கதை ஒரு நாவலைத் தழுவினதாக இருந்தாலும் எலும்புக்கூடு இதுதான்.

(தமிழ் வாசகருக்கு இது புதுசில்லை. மணிபல்லவத்தில புத்த பீடிகையைக் கண்ட மணிமேகலைக்குத் தெரியவாறது, உதயகுமாரன் போன பிறப்பில தன் கணவன் இராகுலன் எண்டு. அவளுக்குப் பேர் தந்த கடல் தெய்வம் தாய்லாந்தில 'மேக்கலா', மின்னல் மணியைக் கையில வைச்சிருக்கிறவள். ஒரு வித்தியாசம்: மணிமேகலை அந்தப் பந்தத்தை அறுக்கப் பார்க்கிறாள், தாய்ப் படக் கதாநாயகி அதை இறுக்கிக் கட்டப் பார்க்கிறாள்.)

சுருள்பெட்டி:
ஆண்தான் துரத்துகிறான். ஆனால் எல்லாரும் வேகவேகமாக நடப்பதுபோல் இருக்கிறது. ஓட்டும் வேகம் தப்பா?

துளைக்கணக்கு:
1400 அடி என்பது 56,000 பிரேம் (16 மி.மீ.யில் அடிக்கு 40). வினாடிக்கு 24 பிரேமில் ஓட்டினால் 38 நிமிடம் 53 வினாடி. 18 என்றால் 51:51. 16 என்றால் 58:20. ஒலி இல்லாத படத்துக்கு 24 கட்டாயமில்லை. பிலிம் மிச்சம் பிடிக்கக் குறைந்த வேகத்தில் எடுத்தால் 24இல் ஓட்டும்போது ஆட்கள் பறப்பார்கள்.

நடையை வைத்து முடிவெடுக்காதீர்கள், அது ஆளுக்கு ஆள் மாறும். ஏதாவது கீழே விழும் காட்சியைத் தேடுங்கள். மேசை உயரம், 75 செ.மீ., விழ 0.39 வினாடி. கை விட்ட பிரேமிலிருந்து தரை தொட்டது வரை எண்ணுங்கள். ஒன்பது பத்து வந்தால் 24. ஏழு வந்தால் 18. ஆறு வந்தால் 16. முன்பிறவியில் ஒன்று, இப்பிறவியில் ஒன்று என்று தனித்தனியாக எண்ணுங்கள். சண்டைக் காட்சியை மட்டும் விட்டுவிடுங்கள், அதைப் பெரும்பாலும் வேகம் குறைத்துத்தான் எடுப்பார்கள்.

இழுவை:
முன்பிறவியிலிருந்து இப்பிறவிக்கு எப்படி மாறுகிறது? உருவம் கரைந்து உருவம் வருகிறதா? அப்படியென்றால் லேபில் செய்த வேலை. லேபில் செய்திருந்தால் அந்தத் துண்டு பிரதியாகத்தான் இருக்கும். 'முழுக்க மூலம்' என்பது அடிபடும்.

துளைக்கணக்கு:
அவசரப்படாதீர்கள். ரிவர்சலில் கேமராவுக்குள்ளேயே கரைக்கலாம். மாறும் ஷட்டர் உள்ள ஸ்பிரிங் கேமராவில், போலெக்ஸ் போல, 48 பிரேமில் ஷட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடி, மூடியபடியே 48 பிரேம் பின்னால் சுற்றி, அடுத்த காட்சியில் அதே 48இல் திறப்பது. ஒரு முழு முறுக்கு 24 பிரேம் வேகத்தில் 28 வினாடி தான் தாங்கும் என்பதால் கரைவதற்கு முன் புதிதாக முறுக்கிக்கொள்ள வேண்டும். பழங்கால உடையிலிருந்து கால்சட்டைக்கு மாறவேண்டுமென்றால் நடிகர் உடை மாற்றி வரும்வரை கேமராவைத் தொடக்கூடாது. எண்ணிக்கை தவறினால் நடுவில் இருட்டு விழும், அல்லது இரண்டும் ஏறி வெளுத்துவிடும்.

இரண்டையும் பிரித்தறிய வழி இருக்கிறது. லேப் வேலை என்றால் கரைவதற்கு முந்தைய வெட்டிலிருந்தே துகளும் ஒளி-நிழல் மாறுபாடும் திடீரென்று கூடும், ஏனென்றால் அந்தத் துண்டு முழுக்கப் பிரதி. கேமராவில் செய்தது என்றால் தரம் குறையவே குறையாது.

இழுவை:
ஏற்கிறேன். அந்தப் பெண் தன் பழைய உருவத்தைத் தானே பார்ப்பதுபோல் காட்சி இருந்தால் இன்னொரு சோதனை: இரண்டு உருவங்களில் ஒன்று மட்டும் லேசாக ஆடுகிறதா? ஒரே பிலிமை இரண்டுமுறை ஓட்டும்போது கேமராவுக்குள் பிலிமை இழுக்கும் நகம் துளையைப் பிடிக்கும் இடம் நூலிழை மாறும். அந்த ஆட்டம் கேமரா வேலைக்குச் சாட்சி. ஸ்கேன் செய்தபின் 'நிலைப்படுத்துகிறேன்' என்று மென்பொருள் அதைத் துடைக்க விடாதீர்கள்.

துளைக்கணக்கு:
ஸ்கேன் என்று வந்துவிட்டதால்: பல்சக்கரம் இல்லாத, லேசர் அல்லது கேமராவால் துளையைக் கண்டு பிடிக்கும் ஸ்கேனர் மட்டும். ஈரமுறை (பிலிமைத் திரவத்தில் நனைத்தபடி ஸ்கேன் செய்வது) வசதி இருந்தால் அடித்தளப் பக்கக் கீறல் பெரும்பாலும் மறையும். மருந்துப் பக்கத்தில் நிறப்படலமே உரிந்த கீறலுக்கு வைத்தியம் இல்லை. 2048க்கு 1556 அளவில் 10 பிட் டிபிஎக்ஸ் கோப்பு ஒரு பிரேமுக்கு 12.75 எம்பி. உங்கள் 56,000 பிரேமுக்கு ஏறக்குறைய 714 ஜிபி. இரண்டு பிரதி, இரண்டு இடம். துளையும் ஓரமும் தெரியும்படி முழு அகலத்தையும் பிடிக்கச் சொல்லுங்கள், பிற்பாடு அடையாளம் காண அந்த ஓரம்தான் உதவும். பழைய சிமென்ட் ஒட்டுகள் காய்ந்து பிரியும். அனுப்புவதற்கு முன் ஒவ்வொன்றையும் மெல்ல வளைத்துப் பார்த்து, பிரிந்ததைத் திரும்ப ஒட்டுங்கள். ஸ்காட்ச் டேப் வேண்டாம், பசை வழிந்து அடுத்த சுற்றில் ஒட்டும்.

வீட்டில் வைத்திருக்கும் நாட்களில் காற்றுப்புகாத தகரத்தில் அடைக்காதீர்கள். அமிலம் வெளியேற வழியில்லாமல் தன்னைத்தானே தின்னும். 21 டிகிரி, 50 சதவீத ஈரப்பதத்தில் புதிய அசிடேட்டுக்கே காடி நோய் தொடங்கச் சுமார் 40 ஆண்டுதான் கணக்கு. இது அதைத் தாண்டிய சரக்கு.

நிழலாட்டம்:
பெயர் தேட: தெளிவான முகங்கள் பத்து, உடை தெரியும் முழு உருவம் சில, கோயில், கார் எண் பலகை, கடைப் பலகை. இவற்றைத் தனிப்படங்களாக எடுத்து, பாங்காக்கை அடுத்த சாலாயாவில் உள்ள தாய்லாந்துத் திரைப்படக் காப்பகத்துக்கு அனுப்புங்கள். 1984இல் தொடங்கியது, சுவரொட்டிகளும் விளம்பரங்களும் அங்கே குவிந்திருக்கின்றன. அவர்களுடைய யூடியூப் தடத்தில் அந்தக் காலப் படங்கள் இருக்கின்றன, முகம் பழக அதைப் பாருங்கள். மித்ரும் நடிகை பெச்சரா சாவராத்தும் 1962 முதல்தான் ஜோடி. மித்ர் 1970 அக்டோபர் 8 அன்று ஹெலிகாப்டர் ஏணியிலிருந்து விழுந்து இறந்தார். அந்த இருவர் என்றால் தேடும் எல்லை எட்டு ஆண்டுக்குள் சுருங்கிவிடும்.

வாக்கியக்காரன்:
2507ஐ வெளியீட்டு ஆண்டு என்று பிடித்துக்கொள்ள வேண்டாம். தயாரிப்பு அட்டையாகவும் இருக்கலாம், 'இப்போது' என்று கதை சொல்லும் அட்டையாகவும் இருக்கலாம். முன்பிறவிப் பகுதியில் இன்னோர் எண் தென்பட்டால் இப்படிப் பாருங்கள். மூன்று இலக்கத்துக்குள் இருந்து 'ர.ச.' என்ற குறுக்கம் இருந்தால் ரத்தனகோசின் ஆண்டு, 1781 கூட்டவும்: ர.ச. 112 என்றால் 1893. 'ச.ச.' என்றால் சுள சகராட் என்ற பழைய ஆண்டுக்கணக்கு, 638 கூட்டவும்: 1129 என்றால் அயுத்தயா விழுந்த 1767. புத்த ஆண்டிலும் ஒரு முள் இருக்கிறது. 1941 ஜனவரி 1இல்தான் ஆண்டுப் பிறப்பை ஜனவரிக்கு மாற்றினார்கள். அதற்கு முந்தைய சில பத்தாண்டுகளில் ஏப்ரல் 1தான் புத்தாண்டு. ஆகவே அந்தக் காலத்து ஜனவரி, பிப்ரவரி, மார்ச் தேதிகளுக்கு 542 கழிக்கவேண்டும். 2483ஆம் ஆண்டுக்கு ஒன்பதே மாதம்.

சுருள்பெட்டி:
வசனவரி? உதட்டசைவை வைத்துத் தாய் தெரிந்தவர் யாராவது எழுத முடியுமா?

நிழலாட்டம்:
முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில் இரண்டு மூன்று படப்பிடிப்புக்கு ஓடும் நட்சத்திரங்களுக்குத் தளத்தில் ஒருவர் வசனத்தை எடுத்துக் கொடுப்பார், அவர்கள் திருப்பிச் சொல்வார்கள். கொட்டகையில் குரல்காரர் அதை அப்படியே சொல்லவேண்டும் என்று விதி இல்லை. உள்ளூர் நகைச்சுவையைச் செருகுவார். குரல்காரருக்காக எழுதிய ஃபாக் வசனப் பிரதி கிடைத்தால் மட்டும் வசனவரி. இல்லையென்றால் காட்சிக்குறிப்பு மட்டும் போடுங்கள். கற்பனை வசனம் வேண்டாம்.

வாக்கியக்காரன்:
வசனப் பிரதி கிடைத்தால் ஒன்று மட்டும். காதலர் ஒருவரையொருவர் 'ஃபீ', 'நோங்' என்பார்கள். நேர்ப்பொருள் மூத்தவர், இளையவர். 'அண்ணா', 'தங்கச்சி' என்று எழுதிவிட்டால் படம் முடிந்தது.

இழுவை:
'அத்தான்' போடலாமே?

வாக்கியக்காரன்:
முன்பிறவிக்குப் போடலாம், இப்பிறவிக்கு வேண்டாம். அத்தானில் முறை உறவு ஒளிந்திருக்கிறது, ஃபீயில் அது இல்லை. இப்பிறவியில் தொடக்கத்தில் 'குன்' என்பார்கள், அதற்கு 'நீங்கள்' போதும். நினைவு திரும்பும் காட்சியில் 'ஃபீ' என்று வாய் தவறி வரும். அந்த ஓர் இடத்தில் 'அத்தான்' விழட்டும். மற்றபடி வசனவரியில் வினாடிக்குப் பன்னிரண்டு பதினான்கு எழுத்துக்கு மேல் ஏற்றாதீர்கள், தமிழ்ச் சொற்கள் நீளம்.

துளைக்கணக்கு:
ரீல் வந்த டப்பாவைத் தூக்கிப் போட்டுவிடவில்லையே? மூடி உள்பக்கம், ரீலின் ஓரம், தலைப்பகுதி வெற்று பிலிம். 'சாய் நங்' என்ற வட்டார விநியோகஸ்தர் கையெழுத்து அங்கேதான் இருக்கும்.

சுருள்பெட்டி:
மூடி உள்பக்கம் பென்சிலில் தாய் எண், சாய்கோடு, தாய் எண். 2/3 என்று படிக்கிறேன். வேறு எழுத்து இல்லை.

துளைக்கணக்கு:
மூன்றில் இரண்டாவது. 24இல் ஓட்டினால் மூன்றும் சேர்ந்து ஏறக்குறைய இரண்டு மணி நேரம், கணக்கு ஒத்துவருகிறது. தலைப்பு ஏன் இல்லை என்பதும் தெரிந்துவிட்டது.

நயினாதீவான்:
அப்ப முன்பிறவிதான் படத்தின்ர தொடக்கம் எண்டு சொல்லேலாது. முதல் ரீலிலேயே இந்தக் காலத்து ஆட்கள் வந்திருக்கலாம், இது நடுவில வாற நினைவாக இருக்கலாம். கோயிலையும் சங்கல்பத்தையும் வைச்சு நாங்கள் கதையைத் தலைகீழாகப் படிச்சிருக்கலாம். காப்பகத்துக்கு எழுதேக்க 'பழங்காலக் கதை' எண்டு போடாதேங்கோ, 1960களின்ர காதல் படம், நடுவில முன்பிறவிக் காட்சி எண்டு போடுங்கோ.